நான்காம் மாடி எறும்புகள்

துபாயில், தேரா பகுதியின் பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, குளியலறை, ஒரு பால்கனி. நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. வழக்கமாக ஜூலை பிறந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். அந்த வருடம் உம்மா மாசமாக இருந்தாள். விமானத்தில் போகக் கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கோடை முழுவதும் நானும் காக்காவும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் மற்ற தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்பிலேயே பருத்த பையன். யாராவது கேலி செய்தால் அவர்களுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் கொடுத்துச் சிநேகிதர்களாக்கிக்கொள்வான்.

சிப்ஸுக்கு அவனிடம் பஞ்சமில்லை. வாப்பா ஒரு தின்பண்டக் கம்பெனியில் வேன் சேல்ஸ்மேனாக இருந்தார். சிப்ஸ், கிரீம் வைத்த கேக், முதுகில் உறிஞ்சுகுழல் ஒட்டிய ஆரஞ்சு ஜூஸ் டப்பா இவற்றையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட கேண்டீன்களுக்குப் போடுவது அவர் வேலை. கம்பெனியில் அதை ஸ்கூல் லைன் என்பார்கள். அந்த லைன் கிடைக்க மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்களாம். வேனின் இரு பக்கமும், பெட்டிகள் மேலும், வாப்பாவின் சட்டைப் பையின் மேலும் ஒரு மஞ்சள் கரடி ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். வாப்பா தெருவில் வேனை நிறுத்தினால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பால்கனிக்கு ஓடிவருவார்கள். என் வாப்பாவைப் போல மகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்ட மனிதர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

கோடையில் பள்ளிகள் மூடிவிடும். கேண்டீன்களில் விற்காமல் நின்ற சரக்கெல்லாம் திரும்பி வரும். தேதி முடிய இன்னும் கொஞ்ச நாளே பாக்கி இருக்கும் பெட்டிகளை டிரைவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று கம்பெனியில் சொல்வார்கள். மற்ற வருடங்களில் நாங்கள் ஊரில் இருப்போம். அந்த வருடம் துபாயிலேயே இருந்தோம். வாப்பா சாயங்காலம் தோறும் பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு, வியர்வையில் நனைந்து, சிரித்த முகத்தோடு மாடியேறி வந்தார். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பெட்டிகளை ஹாலின் சுவரோரம் அடுக்கினார். அடுக்கு உயர்ந்து உயர்ந்து, ஜூலை முடிவதற்குள் ஹாலுக்கு நடுவே இன்னொரு சுவர் எழுந்துவிட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நானும் காக்காவும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம்.

வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அதனால் நடுப்பகலிலும் வீடு இருட்டாகவே இருக்கும். தாளின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் நுழைந்து பெட்டிகள் மேல் விழும். நேரம் ஆக ஆக அது நகரும். அது எந்தக் கரடி மேல் விழுகிறதோ அந்தக் கரடி மட்டும் விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். ஜன்னலில் பொருத்திய பழைய ஏசி பெரிதாக உறுமும். அது நின்றால் வீடு முழுவதும் காது அடைத்தது போல் ஆகிவிடும்.

வாப்பா காலையில் சோறும் குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவார். உம்மா உள்ளறையில் படுத்திருப்பாள். மதியம் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

“சாப்டீங்களா புள்ளைங்களா?”

“சாப்டோம் உம்மா.”

அது பொய்யில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தோம். ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குக் கிழித்து வைத்திருந்தோம். படுத்தபடியே கையை உள்ளே விட்டால் ஏதாவது வரும். சோற்றில் பாதியைச் சாயங்காலத்துக்குள் நான் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் குப்பையோடு வைத்துவிடுவேன். ஜூஸ் டப்பா மேல் பழத்தின் படம் இருந்ததால் அது உடம்புக்கு நல்லது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வாப்பாவே சொல்வார், கோலா குடிக்காதீங்க, ஜூஸ் குடிங்க என்று.

காக்காவின் கழுத்தில் அழுக்கு படிந்திருப்பதை முதலில் பார்த்தது உம்மாதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது சட்டைக் காலரைச் சரி செய்தவள், “இதென்ன தம்பி, கழுத்துல சேறு?” என்றாள். பின்கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை. ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் அவனைக் கட்டிலோரம் உட்கார வைத்துக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். அடுத்த நாள் உப்பு. காக்கா கழுத்து எரிகிறது என்று முனகுவான். சுற்றியிருந்த தோல் சிவந்ததே தவிர, அந்தக் கறுப்பு ஒரு இழை கூட வெளுக்கவில்லை. அவன் தூங்கும்போது நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். தோல் மாதிரியே இல்லை. வெல்வெட் துணியைத் தொட்டது போல இருந்தது. யாரோ பின்னாலிருந்து அவன் கழுத்தைச் சுற்றிக் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனது போல எனக்குத் தோன்றியது. உடனே விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன்.

மதியத் தூக்கத்தில் அவன் குறட்டை விடுவது எனக்குப் பழக்கம்தான். இப்போது குறட்டை நடுவில் அறுந்துவிடும். மார்பு அசையாது. ஏசியின் உறுமல் மட்டும் கேட்கும். நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்திருப்பேன். என்னால் தாங்க முடியாமல் நான் மூச்சு விட்ட பிறகும் அவன் விடமாட்டான். பிறகு தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவன் போல ஒரு பெரிய இழுப்பு இழுத்து, கண்ணைத் திறக்காமலே, “தண்ணி” என்பான்.

அந்தத் தாகம் ஆகஸ்டில் வந்தது. அவன் குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. பெரிய பாட்டிலை வாயில் வைத்தால் கீழே வைக்கமாட்டான். தண்ணீர் தீர்ந்துவிட்டால் பெட்டியில் கையை விட்டு ஜூஸ் எடுப்பான். குடித்துக் கீழே போட்டதும் மறுபடி நாக்கு வறளும், மறுபடி எடுப்பான். அவன் பாயைச் சுற்றிலும் உறிஞ்சி ஒட்டிப்போன டப்பாக்கள் கிடந்தன. சற்றைக்கொரு தரம் எழுந்து குளியலறைக்குப் போவான். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அது மட்டுமில்லை, அவன் சிறுத்துக்கொண்டே வந்தான். முகத்தில் எலும்பு தெரிந்தது. கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. சாயங்காலம் வந்து பார்த்த வாப்பாவுக்குச் சந்தோஷம். “மாஷா அல்லாஹ், புள்ள வளர்றான். ஒசரம் குடுக்குது பாரு” என்று உள்ளறையைப் பார்த்துச் சொன்னார். படுத்தே கிடந்த உம்மா அவனை அந்த அரை இருட்டில்தான் பார்த்தாள். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு எதிர் வீட்டில் ஹைதராபாத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுச் சிறுமிக்கு என்னைவிட ஒரு வயது கூடுதல். கண்ணுக்குத் தெரியாத ஜின்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் பேசிக்கொள்வோம். காக்காவைப் பற்றி நான் சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஜின் சில சமயம் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு அதன் இடத்தில் தான் படுத்துக்கொள்ளும் என்றாள். அதற்கு வெளிச்சம் பிடிக்காது. எந்நேரமும் தூங்கும். இனிப்பு என்றால் அதற்கு உயிர். எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

“பழைய விஷயம் ஏதாவது கேட்டுப் பாரு. ஜின்னுக்குத் தெரியாது” என்றாள்.

அன்று மதியம் நான் காக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஊரில், வீட்டுக் கொல்லையில், பெரியவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் ஒரு கிரிக்கெட் பந்தை ஒளித்து வைத்திருந்தோம். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த இடம்.

“காக்கா, பந்தை எங்க ஒளிச்சோம்?”

அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான்; ஆனால் என் முகத்தில் அவன் பார்வை நிற்கவில்லை, எனக்குப் பின்னால் யாரோ இருப்பது போல அங்கே போயிற்று.

“எந்தப் பந்து?” என்றான். “நீ ஏன் இவ்ளோ தூரத்துல இருக்க?”

என் முழங்கால் அவன் கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் படுக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய் உம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். உள்ளறையில் குளிர்ச்சி அதிகம் என்று காரணம் சொன்னேன்.

எறும்புகள் வந்தது அந்த வாரத்தில்தான். அந்த வீட்டில் நான் கரப்பான் பார்த்திருக்கிறேன், எறும்பு பார்த்ததில்லை. குளியலறையில் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னச் சந்து. அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கி, தரையைக் கடந்து, கழிப்பறைப் பீங்கானின் அடியைச் சுற்றி மோதிரம் போல நின்றது. தண்ணீர் ஊற்றி விரட்டினேன். காக்கா போய்விட்டு வந்தால் மறுபடி வந்துவிடும். சீனி டப்பா சமையலறையில் மூடிகூடச் சரியாக இல்லாமல் இருந்தது. எறும்புகள் அதைத் தேடிப் போகவில்லை. நான்கு மாடி ஏறி, இருட்டுக் குழாய்க்குள் நடந்து, ஒருவனைத் தேடி வந்திருந்தன. எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மதியம் லுஹர் தொழுகை முடித்து உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியேதான் தொழுவாள். நான் அவள் காதருகில் போய்ச் சொன்னேன்.

“உம்மா, அது காக்கா இல்லம்மா.”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து, தலைமுடியைக் கோதிவிட்டு, “ஏன்மா அப்படிச் சொல்றே?” என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்து, மூச்சு, தண்ணீர், பந்து. அவள் அரைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்ரூம்ல எறும்பு வருது. காக்கா போன இடத்துல மட்டும் வருது.”

கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

உம்மா எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கி, சுவரை ஒரு கையால் பிடித்து, குளியலறை வாசல் வரை போய் நின்று பார்த்தாள். பிறகு செய்ததெல்லாம் எனக்கு இன்றுவரை அச்சு மாறாமல் நினைவிருக்கிறது. ஏனென்றால் அவள் ஏதோ ஓதிப் பார்க்கும் வேலையைத் தொடங்குகிறாள் என்று நான் நினைத்தேன். குனியக் கூடாதவள் குனிந்து, குளியலறைத் தரை முழுவதையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். துணியால் ஒற்றிக் காயவைத்தாள். காக்காவை எழுப்பி நடத்திக் கூட்டி வந்து அவன் கையில் ஒரு குவளையைக் கொடுத்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

“உம்மாட்ட என்ன வெக்கம். இதுல ஒண்ணுக்கு இரு.”

அவன் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். உம்மா இன்னொரு குவளையை என்னிடம் நீட்டினாள்.

“நீயும்.”

என்னையும் சோதிக்கிறாள். நானும் நானில்லாமல் போயிருந்தால்? அப்படி ஆகியிருந்தால் அது எனக்கே தெரிந்திருக்குமா? அழுதுகொண்டே கொடுத்தேன். உம்மா அவனுடையதில் கொஞ்சம் ஒரு மூலையிலும், என்னுடையதில் கொஞ்சம் எதிர் மூலையிலும் ஊற்றினாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை; மேலே இருந்த சிறிய காற்றுத் திறப்பு வழியாக வந்த வெளிச்சமே போதுமாக இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு எறும்பு வந்தது. சந்தின் வாயில் நின்று தலையை அங்கும் இங்கும் ஆட்டியது. இறங்கி என் மூலைப் பக்கம் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது வளைந்து எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் மற்றவை. காக்காவின் மூலையில் அந்த ஈரத்தைச் சுற்றி அவை தலையைத் தாழ்த்தி, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல், ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்த விருந்தாளிகள் போல நின்றன. என் மூலைக்கு எதுவும் வரவில்லை.

“யா அல்லாஹ்” என்றாள் உம்மா, மெல்ல. “புள்ளைக்கா?”

யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். உம்மாவின் வாப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. ஊரில் அவர் போய்விட்டு வந்த இடத்தில் இப்படித்தான் எறும்பு மொய்க்குமாம். சின்னப் பெண்ணாக உம்மா அதைப் பார்த்து வளர்ந்தவள். அவருக்குக் கால் போனதும், கண் போனதும், கடைசியில் அவரே போனதும் அவளுக்குத் தெரியும். அது வயதானவர்களுக்கு வருவது என்றும் தெரியும். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த யாருமே, ஒரு பள்ளிக்கூடப் பையனோடு அந்த வியாதியைச் சேர்த்து யோசித்ததில்லை.

உம்மா என் வாப்பாவுக்குப் போன் செய்தாள். அவளுக்கு வலி கண்டுவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இருக்கிறபடியே வாங்க.”

பேசிவிட்டு வந்து காக்காவை எழுப்பினாள். அவன் எழவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் நடந்து போய்ப் படுத்தவன். கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. மூச்சு இப்போது நிற்கவில்லை. மாறாக, மலையேறுகிறவன் போல ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சில் கனிந்து கெட்டுப்போன பழத்தின் வாசனை வந்தது. உம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குர்ஆனிலிருந்து யாசீன் ஓதத் தொடங்கினாள். அவள் ஓதுவதைக் கேட்டபோது, அது ஜின்னாக இருந்தாலும் பரவாயில்லை, அது எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

வாப்பா ஓடி வந்தார். குனிந்து இரண்டு கைகளையும் கொடுத்து ஒரு தம் பிடித்துத் தூக்கினார். எப்போதும் அவனைத் தூக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கீழே போடுகிறவர். பெரிய கனத்துக்குத் தயாராகிக் குனிந்த கைகள் சட்டென்று மேலே வந்துவிட்டன. வாப்பா அப்படியே நின்று உம்மாவைப் பார்த்தார். “என்ன இது” என்றார். “என்ன இது, ஒண்ணுமே இல்லையே.”

அன்றும் லிஃப்ட் ஓடவில்லை. உம்மா படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். வேனின் முன் சீட்டில் அவளும் அவள் மேல் சாய்ந்து காக்காவும். எனக்கு அங்கே இடமில்லை. பின்கதவைத் திறந்து வாப்பா என்னைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தார். கதவு சாத்தியதும் முழு இருட்டு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தெருவின் வெளிச்சம் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் கரடிகள் வரிசை வரிசையாகத் தோன்றி, கண்ணடித்து, மறைந்தன. வண்டி திரும்பும்போது பெட்டிகள் என் மேல் சாய்ந்தன. முன்பக்கத்திலிருந்து காக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டது. அது கேட்கும் வரை பரவாயில்லை என்று நான் காதைத் திறப்பிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தள்ளுகட்டிலில் போட்டு உள்ளே கொண்டு போனார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. வெகு நேரம் கழித்து ஒரு எகிப்து நாட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டு வந்திருக்கிறீர்கள், சரியான நேரத்தில் வந்ததால் பிழைத்தான் என்றார். கழுத்தில் இருந்தது அழுக்கில்லை என்றார். அது உடம்பு தந்த முதல் எச்சரிக்கையாம். உள்ளே சேரும் சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் உடம்பு திணறும்போது சிலருக்கு அப்படி வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். உம்மா தன் வாப்பாவைச் சொன்னாள். அதுவும் ஒரு காரணம்தான் என்று டாக்டரம்மா தலையசைத்தார்.

“பையன் தினமும் என்ன குடிப்பான்?”

வாப்பா தெரிந்த இங்கிலீஷில், நல்ல பதில் சொல்கிற மாணவன் போல வேகமாகச் சொன்னார். “ஜூஸ், டாக்டர். கோலா மாஃபி, நோ கோலா. ஒன்லி ஜூஸ்.”

“எவ்வளவு?”

வாப்பா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மாவின் பார்வை வாப்பாவின் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே தைத்திருந்த கரடியை அவர் சற்று நேரம் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாப்பா மெதுவாகக் கையை உயர்த்தி, நெஞ்சு வலிக்கிறவர் போல அந்தப் பையின் மேல் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் முழுவதும் அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.

காக்கா கண் விழித்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தது. நான் கட்டிலுக்குத் தள்ளியே நின்று கேட்டேன்.

“பந்தை எங்க ஒளிச்சோம்?”

“கிணத்தடி ஓட்டைல. நீதான பூனை இருக்குன்னு கையை விட மாட்டேன்ன” என்றான். “ஏன்டி அங்கயே நிக்கிற, லூசு?”

நான் ஓடிப் போய் அவன் மேல் விழுந்து அழுதேன். நர்ஸ் என்னைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வாப்பா பெட்டிகளை வெளியேற்றினார். தனியாகவே சுமந்து கீழே கொண்டு போனார். கட்டடத்துப் பிள்ளைகள், தங்களுக்குத்தான் கிடைக்கப் போகிறது என்று தெருவில் கூடிவிட்டார்கள். வாப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழித்துக் கொட்டினார். ஜூஸ் டப்பாக்களைக் கத்தியால் கீறிப் பிழிந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஓடை நடைபாதையோரம் போயிற்று. அதன் மேல் ஈக்கள். வாட்ச்மேன் வந்து, “க்யா ஹுவா, பாய்?” என்று கேட்டார். “கலாஸ்”, முடிந்தது, என்றார் வாப்பா அரபியில், நிமிராமல். எதிர் வீட்டுச் சிறுமி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். என் வாப்பா கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போனாள். உம்மாவோ பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காக்காவுக்கு ஊசியும் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதும் பழகிப்போயின. வீட்டில் மூடி வைத்த சோற்றுக்கும் மீனுக்கும் காய்க்கும் தின்ன ஆள் கிடைத்தது. சாயங்காலத்தில் வாப்பா எங்களைக் கிரீக் என்னும் உப்பங்கழியின் ஓரமாக நடக்கக் கூட்டிப் போனார். தம்பி நல்லபடியாகப் பிறந்தான். பல மாதங்கள் கழித்து, காக்காவின் கழுத்துக் கறுப்பு ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அதைக் கைக்கண்ணாடியில் பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்காயிற்று. இன்றும் அவன் மாத்திரை சாப்பிடுகிறான், தினமும் ஓடுகிறான், என்னைவிட இளைத்திருக்கிறான்.

செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. வாப்பா கம்பெனியில் கேட்டு ஸ்கூல் லைனை விட்டு வேறு லைனுக்கு மாறிக்கொண்டார். வேலையை விட முடியாது. விட்டால் விசா போய்விடும், நாங்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் நேரத்தோடு போய்ச் சாயங்காலம் நேரத்தோடு வந்துகொண்டிருந்த வாப்பா, இப்போது விடியும் முன்பே போகிறார், முகம் கறுத்துத் திரும்புகிறார் என்பதுதான். கம்பெனி அவரைத் தண்டித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் அவரோடு வருவேன் என்று அடம்பிடித்து வேனில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டி, கட்டடங்கள் தீர்ந்து, மணல் தொடங்கும் இடத்தில் தொழிலாளர்கள் தங்கும் ஒரு லேபர் கேம்ப் இருந்தது. வரிசை வரிசையாகத் தகரக் கூரை அறைகள், கொடிகளில் நீல நிறச் சட்டைகள். நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. வேன் நின்றதும் ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். கேக்கும் ஜூஸும் வாங்கி அங்கேயே நின்று மதியச் சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். வாப்பா எடுத்துக் கொடுத்தாரே தவிர யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், வாப்பாவை முன்பே தெரிந்தவர், என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கேட்டார்.

“என்ன பாய், ஸ்கூல் லைன்ல ராஜா மாதிரி இருந்தீங்க. அத விட்டுட்டு இந்தப் பொட்டல்ல வந்து ஏன் காயுறீங்க?”

வாப்பா பெட்டியை இழுத்து ஒழுங்குபடுத்தினார்.

“அங்க வெயில் ஜாஸ்திண்ணே. தாங்க முடியல.”

அவர் வாப்பாவைப் பார்த்தார். நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேண்டீனுக்குப் பக்கத்தில் மரம் இருப்பதும், வேன் நிற்க நிழற்கூரை இருப்பதும் எனக்குத் தெரியும்.

“இங்கதான் வாப்பா வெயில் ஜாஸ்தி” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வாப்பா பெட்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். என்னைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, ஏசியின் காற்று என் முகத்தில் படும்படி திருப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் வெயில் எந்தப் பக்கம் அதிகம் என்று என் வாப்பாவுக்குத் தெரியவில்லையே என்று, திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டே வந்தேன்.